மோட்டார்ஹோமின் நன்னீர்க் குழாய் அமைப்பைப் புதுப்பித்தல்

மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதிலுள்ள குழாய்கள் அதிர்கின்றன. வெயிலில் சூடேறுவதும் இரவில் குளிர்வதும் மாதக்கணக்கில் பயன்பாடின்றி வறண்டு கிடப்பதும் அவற்றுக்கு வழக்கம். அதனால் மோட்டார்ஹோமில் தண்ணீர் கசிவது பெரும்பாலும் குழாயின் உடலிலிருந்து அன்று, இணைப்புகளிலிருந்துதான். இணைப்புகளைக் குறைப்பதும், மிஞ்சியவற்றைக் கை எட்டும் இடத்தில் வைப்பதுமே இந்த வேலையின் அடிப்படை என்று கருதுகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன், தொட்டியிலிருந்து கடைசிக் குழாய்வாய் வரை தண்ணீர் செல்லும் பாதையை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு எல்போவையும் (வளைவு இணைப்பு) டீயையும் (மூவழி இணைப்பு) வால்வையும் அதில் குறித்துக்கொள்ள வேண்டும். மறைப்புப் பலகைக்குப் பின்னால் யாரும் அறியாத இணைப்பு ஒன்று இருப்பது பெரும்பாலும் இந்த வரைபடத்தில்தான் வெளிப்படும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் சாம்பல் நிறப் பாலிபியூட்டிலீன் குழாய் இருக்கும். குடிநீரிலுள்ள குளோரினால் அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மை பெறுவதால், அதை ஒட்டுப்போடாமல் முழுவதுமாக மாற்றிவிடுவதே நல்லது.

புதிய குழாய்க்குப் பெக்ஸ் என்னும் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் மிகப் பொருத்தமானது. அது குடிநீருக்கு ஏற்றது என்ற முத்திரை அதன் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பெக்ஸ் வளையும் என்பதால் பல எல்போக்களைத் தவிர்த்துவிடலாம். ஆனால் வளைவின் ஆரம் குழாயின் வெளிவிட்டத்தைப் போல் ஏறத்தாழ 8 மடங்குக்குக் குறையக் கூடாது. சூரிய ஒளி அதைச் சிதைக்கும் என்பதால் வண்டிக்கு வெளியே மூடாமல் விடக் கூடாது. செப்பு வளையத்தைக் கிரிம்ப் கருவியால் நெருக்கும் இணைப்பு அதிர்வை நன்றாகத் தாங்கும். ஒவ்வொரு வளையத்தையும், அது சரியான அளவுக்கு நெருங்கியதா என்று காட்டும் அளவுகோல் தகட்டால் சோதித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். கருவி நுழையாத இடுக்குகளில் அழுத்திச் செருகும் இணைப்பைப் பயன்படுத்தலாம். அதற்குக் குழாயைச் செங்குத்தாக வெட்டி, பிசிறு நீக்கி, செருக வேண்டிய ஆழத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, அந்தக் குறி மறையும் வரை தள்ள வேண்டும். சாய்வாக வெட்டிய குழாய் உள்ளிருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி முறுக்கினால் மரை விரிசல் விடும். வாஷர் உள்ள இணைப்புக்கு டேப்பே தேவையில்லை. குழாய் உலோக விளிம்பில் உரசும் இடங்களில் ரப்பர் உறை போட்டு, குறுகிய இடைவெளிகளில் கிளிப் அடிக்க வேண்டும்.

பம்ப் சரியில்லை என்று எழும் புகார்களில் பல, உண்மையில் தொட்டிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட உறிஞ்சு பகுதியின் குறைகள். அங்குள்ள இணைப்பு தளர்ந்திருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே புகும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், குழாய்வாயில் தண்ணீர் விட்டுவிட்டு வரும். ஆகவே இந்தப் பகுதியைக் குட்டையாக வைத்து, உறிஞ்சும்போது சப்பிப்போகாத வலுவூட்டிய குழாயால் அமைத்து, பம்பின் வாயிலில் கழுவக்கூடிய வடிகட்டியைப் பொருத்த வேண்டும். தொட்டியின் காற்றுப்போக்கியையும் பார்க்க வேண்டும்: அது அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உருவாகிப் பம்ப் திணறும்.

பரவலாகப் பயன்படும் 12 வோல்ட் டயாஃப்ரம் (நெகிழ்சவ்வு) பம்ப் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் தானாக நின்றுவிடும். நிமிடத்திற்கு 10 லிட்டரை ஒட்டிய திறன் ஒரு குளியலறைக்கும் சமையலறைக் கழுவுதொட்டிக்கும் போதும். அதற்கு மேல் போவதால் நீர்த்தொட்டிதான் விரைவில் காலியாகும். பம்பை ரப்பர்க் கால்களில் நிறுத்தி, இரு பக்கமும் ஓரடி நீளத்திற்கு நெகிழ்குழாய் கொடுத்தால் இரைச்சல் வெகுவாகக் குறையும். நீளமான மெல்லிய மின்கம்பியில் மின்னழுத்தம் குறைவதால், பழைய கம்பியையும் மாற்றி, தயாரிப்பாளர் குறித்த அளவில் ஃபியூஸ் போட வேண்டும்.

பம்பை அடுத்து ஓர் அழுத்தச் சேமிப்புக் கலத்தை, அதாவது அடைத்த காற்றின் அழுத்தத்தில் சிறிது நீரைத் தேக்கும் கலத்தை, சேர்ப்பதைவிடப் பயனுள்ள மாற்றம் வேறில்லை என்பது என் கருத்து. குழாய்வாயைச் சிறிது திறந்தாலும் பம்ப் நொடிக்கொரு முறை துடித்து நிற்பதை அது தடுக்கிறது. கலத்தின் காற்றழுத்தத்தை, பம்பை நிறுத்திக் குழாய்வாயைத் திறந்து வைத்த நிலையில், பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக அமைக்க வேண்டும். டயர் அழுத்தமானியே இதற்குப் போதும்.

வெளிக் குழாயிலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கும் வாயில் இருந்தால் அங்கே அழுத்தக் குறைப்பான் அவசியம். பம்பின் பக்கம் நீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு தடுப்பு வால்வும் வேண்டும். இல்லையெனில் வெளி நீர் பம்பு வழியே பின்னோக்கிச் சென்று தொட்டியை நிரப்பி வழியச் செய்யக்கூடும். சூடான, குளிர்ந்த பாதைகள் இரண்டிலும் மிகத் தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு வைக்க வேண்டும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், வடிக்காத குழாயும் பம்பும் ஒரே குளிரிரவில் உடைந்துவிடலாம்.

பலகைகளை மூடும் முன், எல்லாக் குழாய்வாய்களையும் அடைத்துப் பம்பை இயக்கி, அது நின்ற பிறகு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடையில் பம்ப் தானே ஓடினால் எங்கோ அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் புலப்படும்.

இறுதியாகக் கரி வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, மணமூட்டாத 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் வீதம் தொட்டி நீரில் கலந்து, ஒவ்வொரு குழாய்வாயிலும் குளோரின் மணம் வரும் வரை ஓடவிட்டு, 4 மணி நேரம் நிற்கவிட வேண்டும். பிறகு முழுவதையும் வடித்து, மணம் நீங்கும் வரை நல்ல நீரால் அலச வேண்டும். ஹீட்டரின் கலம் அலுமினியமாக இருந்தால், இந்தக் கரைசலை அதனுள் விடலாமா என்பதை அதன் கையேட்டில் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஹீட்டர் தண்ணீரால் நிரம்பி, சூடான குழாய்வாயில் காற்றில்லாத சீரான ஓட்டம் வந்த பிறகே அதை இயக்க வேண்டும்.