கீரைக்கு எண்ணெய் விடுங்கள், டீயைத் தள்ளி வையுங்கள்

சென்னை காசிமேட்டில் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். எடை பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "விளக்கு வைக்கிற நேரத்துல புள்ள தடுமாறுதா? தட்டுல இருக்கிறதைத் தடவித் தேடுதா?" ஆமாம் என்றால் மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் ஏ குறைந்தால் வருவது அது. வெள்ளை விழியில் சோப்பு நுரை ஒட்டினது போலத் திட்டு தெரிந்தாலும் அதே சந்தேகம்தான். அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். முற்றவிட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடும்.

இதைத் தடுக்கத்தான் 9 மாதத்தில் தட்டம்மை ஊசியோடு வைட்டமின் ஏ மருந்து 1 மில்லி கொடுக்கிறார்கள். அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறை 2 மில்லி, 5 வயது வரை, மொத்தம் 9 தவணை. பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் பலர் வருவதை விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து இப்போதே எண்ணிப் பாருங்கள்.

முருங்கைக்கீரை நம் தெருவிலேயே கிடைக்கிறது. உருவுவதற்கு முன்பே கழுவிவிடுங்கள். கொஞ்சம் தண்ணீரில் மூடி வேகவையுங்கள், வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். எண்ணெய் இல்லாமல் வெறும் கீரையாகக் கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் சரியாகச் சேராது. பிள்ளைக்குச் சோற்றில் பிசையும்போது அரை ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், ரேஷன் பாமாயிலே போதும். பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவு பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் தருவது. வீட்டுக்கே தோசை வார்த்துத் தீர்த்துவிடாதீர்கள்.

பெண்கள் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. நாள் முழுக்க மீன் விற்றுவிட்டு வருகிற அக்காவின் தட்டில் குழம்பு மட்டும் இருக்கும், துண்டெல்லாம் மற்றவர்களுக்குப் போயிருக்கும். மீன், கறி, முட்டை, பால் எதுவும் இல்லாவிட்டால் ரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின் பி12 கிடைக்காது. உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள் அக்கா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் காசும் இருக்காது, மீனும் இருக்காது. அந்த நாட்களில் முட்டையையாவது விடாதீர்கள்.

கர்ப்பிணிகளுக்கு 4-ஆம் மாதத்திலிருந்து சிவப்பு மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். அதில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பிரசவம் ஆன பிறகும் 180 நாள் போட வேண்டும். டீயோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை 2 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் கர்ப்பிணிகள் தொடவே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

சிவப்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் நர்ஸம்மாவிடம் கொண்டு வந்து காட்டுங்கள், திட்ட மாட்டார்கள்.