கிளமிடியா பரிசோதனையின் செலவைக் குறைக்கக் கூட்டுப் பரிசோதனை

பாலுறவால் பரவும் பாக்டீரியா தொற்றான கிளமிடியா பெரும்பாலும் அறிகுறி காட்டாது என்பதால், நலமாக இருப்பதாகத் தோன்றுபவர்களையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்று இல்லை என்றே முடிவு வரும். ஆய்வகத்தின் பணம் கரைவதும் அந்த ‘இல்லை’களைத் தனித்தனியாக உறுதிசெய்வதில்தான். பலருடைய மாதிரிகளைக் கலந்து ஒரே முறை சோதித்தால் இதைக் குறைக்கலாம் என்று, படையில் சேர்வோருக்கு நடந்த சிஃபிலிஸ் (இன்னொரு பால்வினை நோய்) பரிசோதனைக்காக, 1943-இல் ராபர்ட் டார்ஃப்மன் கணக்கிட்டுக் காட்டினார். அவர் மருத்துவர் அல்லர், பொருளியல் அறிஞர். வீண்செலவு அவர் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

முதலில், உங்களிடம் வருவோரில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று இருக்கிறது என்பதைப் பழைய பதிவேட்டிலிருந்து கணக்கிடுங்கள். அது 5 விழுக்காடு என்றால், 100 மாதிரிகளை ஐந்தைந்தாகச் சேர்க்கும்போது 20 கலவைகள் கிடைக்கும். அவற்றில் சராசரியாக நான்கோ ஐந்தோதான் பாசிட்டிவ் ஆகும், அதாவது தொற்று இருப்பதாகக் காட்டும். மற்ற கலவைகளில் உள்ள எல்லோருக்கும் தொற்று இல்லை என்று கொள்ளலாம். அந்தக் கலவைகளில் உள்ளவர்களை மட்டும் மறுபடி தனித்தனியாகச் சோதித்தால், மொத்தம் ஏறத்தாழ 43 பரிசோதனைகளில் வேலை முடிந்துவிடும். தொற்று 1 விழுக்காடாக இருந்தால் பதினொன்று பதினொன்றாகச் சேர்ப்பதே கணக்குப்படி மிகச் சிக்கனம். 10 விழுக்காடானால் நான்குக்கு மேல் வேண்டாம். 30 விழுக்காட்டைத் தாண்டினால் கலப்பதில் மிச்சமே இல்லை.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. கலக்கும்போது ஒவ்வொரு மாதிரியும் நீர்த்துப்போவதால், கிருமி குறைவாக உள்ள ஒருவரின் தொற்று தவறிப்போகக்கூடும். ஆகவே, ஏற்கெனவே பாசிட்டிவ் என்று தெரிந்த மாதிரிகளை, குறிப்பாகக் கிருமி குறைவானவற்றை, தொற்றில்லாத மாதிரிகளுடன் கலந்து, உங்கள் பரிசோதனை கிட் அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். சிறுநீர் மாதிரி தருபவர் அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. முதலில் வரும் 20 முதல் 30 மில்லிலிட்டரை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். குப்பி நிறையப் பிடித்தால், கலப்பதற்கு முன்பே மாதிரி நீர்த்துவிடும்.

கலவைக்கு ஒவ்வொரு குப்பியிலிருந்தும் பிபெட்டால் (திரவத்தை அளந்து உறிஞ்சும் குழாய்) ஒரே அளவு எடுத்து, ஒவ்வொரு முறையும் அதன் முனையை மாற்றி, எந்தக் கலவையில் எந்தெந்த எண்கள் உள்ளன என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். முடிவு வரும்வரை மீதியைக் கொட்டிவிடக் கூடாது. அறிகுறி உள்ளவர்களின் மாதிரியைக் கலவையில் சேர்க்காமல் நேரடியாகவே சோதிப்பது நல்லது. அவர்களுக்கு முடிவு விரைவில் தெரியும், கலவைகளும் வீணாகப் பாசிட்டிவ் ஆகாது.