பல் இடுக்குச் சொத்தைக்கு எந்தப் படம் எடுப்பது?

“முருங்கைக்காய் நார் சிக்குது டாக்டர், ஆனா வலி இல்ல” என்று யாராவது வந்து உட்கார்ந்தால் உடனே எக்ஸ்ரே எடுத்துவிட மாட்டேன். முதலில் ஃப்ளாஸ் நூலை அந்த இடுக்கில் விட்டு இழுப்பேன். நூல் பிசிறு பிசிறாக வந்தால் அங்கே எதுவோ உரசுகிறது. சொத்தையாக இருக்கலாம், பழைய அடைப்பின் விளிம்பாகவும் இருக்கலாம். அப்புறம்தான் படம்.

பாதிப் பேர் கையிலேயே ஓபிஜியைக் கொண்டுவருவார்கள். தலையைச் சுற்றி மெஷின் ஓடி எடுக்கும் அந்த நீளப் படம் ஞானப்பல்லுக்கும் தாடைக்கும் நல்லது. ஆனால் அதில் சிறு கடைவாய்ப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழும். ஆரம்பச் சொத்தை அந்த நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

நீங்கள் கேட்க வேண்டியது பைட்விங். வாய்க்குள் வைக்கும் சென்சாரில் நீட்டியிருக்கும் சின்ன இறக்கையைக் கடித்துக்கொண்டு எடுப்பதால் அந்தப் பெயர். 1925-இல் ஹோவர்ட் ரேப்பர் கொண்டுவந்த முறை. மேல் பல், கீழ்ப் பல் இரண்டின் தலைப்பகுதியும் ஒரே படத்தில் விழும். திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துப் பற்களின் எனாமல் ஓரங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கோணம் தப்பு. அந்த இடுக்கைப் பற்றி அந்தப் படம் எதுவும் சொல்லாது. சொத்தை என்றால், பற்கள் தொடும் இடத்தைவிடச் சற்று வேர்ப்பக்கமாக, எனாமலில் சின்னக் கறுப்பு முக்கோணம் தெரியும். அதையும் தாண்டிப் பல்லின் கழுத்தில் விழும் கறுப்பு வேறு சங்கதி, பல நேரம் வெறும் நிழல்தான். தொழிலுக்கு வந்த புதிதில் அதைச் சொத்தை என்று நம்பி ஒரு பெண்ணுக்கு டிரில்லைக் கையில் எடுத்துவிட்டேன். சந்தேகத்தில் கோணம் மாற்றி இன்னொரு படம் எடுத்தேன், நிழலைக் காணோம்!

கதிர்வீச்சு பயம் வேண்டாம். ஒரு படத்துக்குச் சில மைக்ரோசீவெர்ட்தான், இயற்கையாக ஓரிரு நாளில் நம்மேல் படுகிற அளவு. ஆனால் தாது கணிசமாகக் கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் கறுப்பு விழும். அதனால் சொத்தை படத்தில் தெரிவதைவிடக் கொஞ்சம் ஆழமாகவே இருக்கும். அப்படியும் கறுப்பு எனாமலோடு நின்றிருந்தால் நான் பெரும்பாலும் துளை போடுவதில்லை. ஃப்ளூரைடு, தினமும் ஃப்ளாஸ், சில மாதம் கழித்து மறு படம். எனாமலுக்கு அடுத்து உள்ளே இருக்கும் டென்டினைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், கம்பி போடுகிறவர்களுக்கு வைக்கும் ரப்பர் வளையத்தை ஓரிரு நாள் இடுக்கில் வைத்துப் பல்லை விலக்கி, மேற்பரப்பு உடைந்திருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுவேன்.

முன்பல் என்றால் பின்பக்கமிருந்து விளக்கடித்தாலே போதும், சொத்தை இருட்டாகத் தெரியும். கடைவாய்க்கு அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் கேமரா உண்டு. சென்சார் வைத்தாலே குமட்டும் பிள்ளைகளுக்கு வசதி. ஆனால் சொத்தை நரம்புக்கு எவ்வளவு பக்கம் என்று அதில் தெரியாது.

பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேனான சிபிசிடியை இதற்கென்று எடுக்கவே வேண்டாம். கதிர்வீச்சு அதிகம், காசும் அதிகம். வாயில் உலோக அடைப்போ கேப்போ இருந்தால் அதிலிருந்து கிளம்பும் கறுப்புக் கோடுகள் நல்ல பல்லையும் சொத்தை மாதிரி காட்டும்.

பைட்விங் எடுத்ததும் தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் பழைய படத்தைப் புதியதன் பக்கத்தில் வைத்து, அந்த முக்கோணம் வளர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.