செல்லப்பிராணி பற்றிய நகைச்சுவைப் படப் புத்தகத்துக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி?

“அருமையான புத்தகம். பிள்ளைகளுக்கு நல்ல கருத்தைச் சொல்கிறது. எல்லோரும் வாங்கலாம்.” சிறுவர் படப் புத்தகங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கருத்துகள் பல இந்த மூன்று வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடொன்றில் இருக்கும் ஒரு தாய், தன் ஐந்து வயது மகனுக்கு அந்தப் புத்தகத்தை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இதில் ஒரு சொல்லும் உதவாது. அதிலும் அது பூனையையோ நாயையோ பற்றிய வேடிக்கைக் கதையாக இருந்துவிட்டால், “நல்ல கருத்து” என்பது பதிலே அல்ல. புத்தகம் சிரிக்க வைக்கிறதா, யாரைச் சிரிக்க வைக்கிறது, எந்தப் பக்கத்தில் என்பவைதான் அவருக்குத் தெரியவேண்டியவை. முன்பு ஒருபோதும் விமர்சனம் எழுதியிராத பெற்றோரும் ஆசிரியர்களும் இதைச் செய்வதற்கான வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

விளக்கத்துக்காக இல்லாத ஒரு புத்தகத்தை நாமே கற்பனை செய்துகொள்வோம். அதன் நாயகன் சூரன் என்ற நாய். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியிலுள்ள ஒரு வீட்டில் வளர்கிறான். பெயர்தான் சூரன், கரப்பொத்தானைக் கண்டாலும் நடுங்குவான்.

படி 1: புத்தகத்தைப் பொருளாகப் பாருங்கள்

வாசிக்கத் தொடங்குமுன் பக்கங்களை எண்ணுங்கள். உலகெங்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் வருகின்றன. பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற மடங்குகளில் கிடைப்பதே இதற்குக் காரணம். தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரங்களையும் கழித்துவிட்டால், கதைக்கு எஞ்சுவது ஏறத்தாழ ஒரு டசின் இரட்டைப் பக்கங்கள்தான். எழுத்தாளரும் ஓவியரும் அந்த இடத்துக்குள்தான் சிரிப்பைக் கட்டியெழுப்ப வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் வீணாகும்போது அது உடனே கண்ணில் படும். அட்டையின் உட்புறத்தையும் புரட்டிப் பாருங்கள். சில ஓவியர்கள் முதல் வேடிக்கையை அங்கேயே ஒளித்து வைத்துவிடுவார்கள்.

புத்தகத்தை வாங்கித்தான் எழுதவேண்டும் என்பதில்லை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையிலுள்ள கொழும்புப் பொது நூலகத்திலும், 1942 இல் தொடங்கப்பட்டு இப்போது வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலும் தேடிப் பார்க்கலாம். செப்டெம்பர் மாதத்தில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் பல பதிப்பகங்களின் நூல்களை ஒரே நாளில் புரட்டிப் பார்த்துவிடலாம். கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டுவிடாமல் புரட்டுவதுதான் சிரமம்.

படி 2: எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் வாசியுங்கள்

தொடக்கநிலை விமர்சகர்கள் தவறவிடுவது இந்தப் படியைத்தான். ஆகவே இதற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். ஒரு வெள்ளைத் தாளால் எழுத்தை மூடிக்கொண்டு, ஒவ்வோர் இரட்டைப் பக்கத்திலும் பிராணி என்ன செய்கிறது என்பதைக் கொப்பியில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு எழுத்தை வாசித்து, நீங்கள் எழுதிய வரிக்குப் பக்கத்தில் எழுத்து என்ன சொல்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வரிகளும் ஒன்றையே சொன்னால், அந்தப் பக்கத்தில் படம் வெறும் அலங்காரம். எழுத்து சொல்லாத எதையாவது படம் கூடுதலாகச் சொன்னால், பிள்ளை அங்கே நின்று தேடும். எழுத்துக்கு நேர் எதிரானதைப் படம் சொன்னால், சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நமது சூரனின் கதையில் ஒரு பக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்து: “சூரன் யாருக்கும் அஞ்சமாட்டான். இரவு முழுவதும் கண்விழித்து வீட்டைக் காவல் காப்பான்.” படத்திலோ, கட்டிலின் கீழிருந்து வாலின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அறையின் நடுவே ஒரு கரப்பொத்தான் ஆறுதலாக நடந்து போகிறது. இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத முன்பள்ளிப் பிள்ளை இந்தப் பக்கத்தில் எப்படிச் சிரிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசித்துக் காட்டும் பெரியவர் பொய்யை நம்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மை என்னவென்பது படத்தைப் பார்க்கும் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் எல்லாவற்றையும் தன்னைவிடப் பெரியவர்களே அறிந்திருக்கும் ஒரு வயதில், அவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற பெருமிதமே அந்தச் சிரிப்பு. இதே செய்தியை, “சூரன் உண்மையில் மிகவும் பயந்தவன்” என்று எழுத்தே சொல்லிவிட்டால், பிள்ளைக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது. நீங்கள் எழுதப்போகும் கருத்தில், இத்தகைய ஒரு பக்கத்தையாவது பெயர் சொல்லி விவரிக்க வேண்டும்.

படி 3: ஒரு பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்

முடிந்தால் அம்மம்மாவையோ சித்தியையோ வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கத்தில் கொப்பியோடு உட்காருங்கள். பிள்ளை எந்தப் பக்கத்தில் சிரித்தது, எங்கே விரலை வைத்துக் காட்டியது, எங்கே பொறுக்காமல் அடுத்த பக்கத்தைத் தானே திருப்பியது, எங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனது என்பவற்றைப் பக்க எண்ணோடு குறியுங்கள். வாசித்து முடிந்ததும் “புத்தகம் நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள். பெரியவர் கேட்டால் “ஓம்” என்று சொல்லவேண்டும் என்பதைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, “எந்தப் பக்கத்தை இன்னொருக்காப் பாப்பம்?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில் பொய் இருக்காது.

பிள்ளை சொன்னதை எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலுக்குக் கீழே இருக்கும் சூரனைக் கண்ட ஒரு பிள்ளை, “அவன் பயப்படேல்ல, கரப்பொத்தானோட ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறான்” என்று சொல்லலாம். எழுத்தாளர் நினைத்தது அதுவல்ல. ஆனால் அந்த ஒரு வரி, புத்தகம் பிள்ளையின் மனத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் முழுப் பத்தியையும்விடத் தெளிவாகக் காட்டிவிடும்.

வயதையும் குறிப்பிட மறக்காதீர்கள். பொதுவாக, மூன்று வயதுப் பிள்ளை விழுவதற்கும் விசித்திர ஒலிகளுக்கும் சிரிக்கும். எழுத்தும் படமும் முரண்படும் வேடிக்கை முன்பள்ளியின் இறுதியிலும் தரம் 1, தரம் 2 இலும் நன்றாகப் பிடிபடும். “எல்லா வயதினருக்கும் ஏற்றது” என்று எழுதுவது யாருக்கும் பயன்படாத வரி.

படி 4: வேடிக்கை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள்

படப் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்புவது ஒரு கருவி. வலப்பக்கத்தின் அடியில், “மாலை நேரம். கீழே ஒழுங்கையில் ஏதோ ஒரு சத்தம்…” என்று எழுத்து நிற்கிறது, திருப்பினால், பாண் கொண்டுவரும் ஓட்டோ தன் வழக்கமான இசையோடு நிற்க, மூன்றாம் மாடிப் பல்கனியில் சூரன் கழுத்தை நீட்டி அந்த இசைக்கு ஏற்ப ஊளையிட்டுக்கொண்டிருக்கிறான். சத்தம் எது என்பதை முன்பக்கத்திலேயே படம் காட்டிவிட்டால், திருப்புவதற்கான ஆவல் போய்விடும். கொழும்புப் பிள்ளைகளுக்கு அந்த இசை காதில் கேட்கும். அதை ஒருபோதும் கேட்டிராத, வெளிநாட்டில் வளரும் பிள்ளைக்கு இந்தப் பக்கம் பாதிதான் வேலை செய்யும் என்பதையும் கருத்தில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். உங்கள் வாசகர்களில் பலர் புலம்பெயர்ந்த உறவினருக்குப் புத்தகம் அனுப்ப நினைப்பவர்கள்.

அடுத்ததாக, ஒரே செயல் மூன்று தடவை வருகிறதா என்று பாருங்கள். இரண்டு தடவை ஒரே மாதிரி நடந்து மூன்றாவதில் மாறுவது பழைய உத்திதான். ஆனால் பிள்ளைகளிடம் அது இன்னும் தோற்பதில்லை. உரையாடல்களையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். கோபத்தில் கத்தும் அப்பா மேடைப் பேச்சுப் போலப் பேசினால் வாசிப்பவருக்கு நாக்கு இடறும், சிரிப்பும் கலைந்துவிடும்.

படி 5: பிராணி எப்படி நடத்தப்படுகிறது என்று பாருங்கள்

நாயின் பயத்தைப் பார்த்துச் சிரிப்பது வேறு, நாயின் வலியைப் பார்த்துச் சிரிப்பது வேறு. வாலைப் பிடித்து இழுப்பதையும் செருப்பால் எறிவதையும் வேடிக்கையாகக் காட்டும் பக்கம் இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். பிள்ளை வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஆபத்துகளையும் கவனியுங்கள். சொக்கலேற்றில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் நாய்க்கு நஞ்சு. வெங்காயம் நாய், பூனை இரண்டினதும் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கும். படங்களில் பூனைக்கு எப்போதும் கிண்ணத்தில் பால் வைக்கிறார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றோட்டம் வரும். தெருவில் காணும் முன்பின் தெரியாத நாயைக் கதைப் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால், விசர்நாய் நோய் இருக்கும் நம் நாட்டில் அதைப் பெற்றோருக்குச் சுட்டிக்காட்ட வேண்டியது அவசியம்.

ஆனால் இதில் அளவு வேண்டும். சூரன் ஓட்டோ ஓட்டுவதாகப் படம் இருந்தால் அது ஆபத்தான முன்னுதாரணம் என்று யாரும் எழுதத் தேவையில்லை. எந்தப் பிள்ளையும் அதை நம்பி நாயிடம் சாவியைக் கொடுக்கப் போவதில்லை. அதேபோல, “இந்தக் கதையில் படிப்பினை இல்லை” என்று குறை சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். கடைசிப் பக்கத்தில் திடீரென்று சூரன் திருந்தி வீரனாகிவிடுவதுதான் என் பார்வையில் குறை. அதுவரை பிள்ளையோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த புத்தகம் அந்த இடத்தில் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகிறது.

படி 6: எழுதுங்கள்

குறிப்புகள் கையில் இருந்தால் எழுதுவது எளிது. கதையைப் பாதிவரை மட்டும் சொல்லுங்கள். கடைசித் திருப்பத்தை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத்தை நெருக்கமாக விவரியுங்கள், பிள்ளையின் எதிர்வினையைச் சேருங்கள், பிறகு உங்கள் தீர்ப்பைக் காரணத்தோடு கூறுங்கள். நமது கற்பனைப் புத்தகத்துக்கான மாதிரி இது:

“சூரன் என்ற நாய் வீட்டின் காவலன் என்கிறது எழுத்து, அவன் கட்டிலின் கீழ் ஒளிந்திருப்பதைக் காட்டுகிறது படம். இந்த முரண்பாடு புத்தகம் முழுவதும் தொடர்கிறது. பாண் ஓட்டோவின் இசைக்குச் சூரன் ஊளையிடும் பக்கத்தை என் ஆறு வயது மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். நடுவில் வரும் குளிப்பாட்டும் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. அந்த இடத்தில் அவள் எழுந்து போய்விட்டாள். முடிவு பிரசங்கம் போல இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வாசித்துக் காட்டிய அவளுடைய அம்மம்மாவுக்கு அதுதான் பிடித்தது. எழுத்து பெரியது, வரிகள் குறுகியவை. தரம் 2 பிள்ளை தானாகவே வாசிக்கலாம். நான்கு முதல் ஏழு வயது வரையானவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.”

இதில் அம்மம்மாவின் கருத்து வெட்டப்படாமல் இருப்பதைக் கவனியுங்கள். ஒரே புத்தகத்தை மூன்று பேர் மூன்று விதமாக வாசித்திருந்தால், சராசரி எடுத்து மழுப்பாமல் மூன்றையும் எழுதுவதே நேர்மை. குறை சொல்லும்போது புத்தகத்தின் பக்கத்தைச் சுட்டிச் சொல்லுங்கள், எழுதியவரைச் சுட்டாதீர்கள். கொழும்பில் தமிழ்ப் புத்தக உலகம் சிறியது. அடுத்த வெளியீட்டு விழாவில் அவர் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கக்கூடும். அதற்காகக் குறையை விழுங்கவும் வேண்டாம்.

படி 7: வெளியிடுமுன் சரிபாருங்கள்

எழுத்தாளர் பெயரோடு ஓவியர் பெயரையும் எழுதியிருக்கிறீர்களா? படப் புத்தகத்தில் பாதிக் கதையைச் சொல்பவர் அவர். ஆயினும் கருத்துரைகளில் முதலில் விடுபடுவது அவர் பெயரே. பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை, விலை ஆகியவற்றோடு பின்னட்டையிலுள்ள சர்வதேச நியம நூல் எண்ணையும் (ISBN) சேருங்கள். அது 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் இலங்கைப் பதிப்பு என்று வாசகர் அறிந்துகொள்வார். கண்காட்சியில் கழிவு விலைக்கு வாங்கியிருந்தால், அச்சிட்ட விலையையே எழுதுங்கள்.

முன்னட்டைப் படமும், நீங்கள் விவரிக்கும் ஒரு பக்கத்தின் படமும் போதும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனம், கருத்துரை போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை ஏற்றுக்கொள்கிறது. எல்லாப் பக்கங்களையும் படம்பிடித்துப் போடுவது அதற்குள் அடங்காது. பிள்ளையின் வயது மட்டும் போதும். பெயர், பாடசாலை, சீருடையோடு எடுத்த படம் எதுவும் வேண்டாம்.

வெளியிட்டுச் சில வாரங்கள் கழித்து அலுமாரியைப் பாருங்கள். பிள்ளை அந்தப் புத்தகத்தைத் தானாக எடுத்து வந்து மறுபடி வாசிக்கச் சொன்னதா, அல்லது அது வைத்த இடத்திலேயே கிடக்கிறதா என்பதை, முன்பு எழுதியதை அழிக்காமல், அதன் கீழே திகதியிட்டு ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.