ஜப்பானில் குப்பை போடுவது எப்படி? புதிதாகக் குடியேறியவர்களுக்கு

ஜப்பானுக்கு வரப்போகிறவர்கள் வாடகை, சிம் கார்டு, ரயில் கார்டு எல்லாம் கேட்பார்கள், குப்பையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் உங்கள் பெயர் கெடுவதும் நிலைப்பதும் பெரும்பாலும் குப்பைப் பையால்தான். வந்த முதல் வாரமே பழகிவிடுங்கள்.

1. குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் இல்லையா, அப்போதே குப்பைக் காலண்டரையும் (எந்த நாளில் எந்தக் குப்பையை எடுப்பார்கள் என்ற அட்டவணை) கேட்டு வாங்குங்கள். பல ஊர்களில் ஆங்கிலத்திலும் கிடைக்கும். ஊருக்கு ஊர் விதி வேறு என்பதால் யோகோஹாமா நண்பர் சொன்னதை டோக்கியோவில் அப்படியே செய்யாதீர்கள். தொகுஷிமாவில் கமிகட்சு என்ற சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள்!

2. பை. சில ஊர்களில் நகராட்சி குறிப்பிட்ட பையைக் காசு கொடுத்து வாங்கித்தான் குப்பை போட வேண்டும். மற்ற இடங்களில் உள்ளே இருப்பது தெரிகிற பை போதும்.

3. இனி பிரிப்பது. சமையல் கழிவு 'மொயெரு கோமி', அதாவது எரியும் குப்பை. தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கோடையில் நாற்றம் தாங்காது. பெட் பாட்டில் (தண்ணீர், குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்) என்றால் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசி, நசுக்கிப் போட வேண்டும். மூடியும் லேபிளும் பிளாஸ்டிக் வகையில் சேரும். பால் அட்டைப்பெட்டியை அலசி, வெட்டி விரித்து, காயவைத்து சூப்பர்மார்க்கெட் வாசலில் உள்ள பெட்டியில் போடலாம். உடைந்த கண்ணாடி, கத்தி இருந்தால் தடிமனான காகிதத்தில் சுற்றி மேலே 'கிகென்' (ஆபத்து) என்று ஜப்பானிய எழுத்தில் எழுதுங்கள், எடுக்க வருகிறவரின் கை கிழியக் கூடாது. பேட்டரியை மற்ற குப்பையோடு கலக்கவே கலக்காதீர்கள், லாரியில் தீப்பிடிக்கும்.

4. நம் வீடுகளுக்கு முக்கியமானது எண்ணெய். வடை, அப்பளம் பொரித்த எண்ணெயை சிங்கில் ஊற்றவே கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். எண்ணெயைக் கெட்டியாக்கும் பொடி 100 யென் கடையில் கிடைக்கிறது, சூடான எண்ணெயில் கலந்து ஆறவிட்டால் கட்டியாகிவிடும். கொஞ்சம்தான் என்றால் பழைய செய்தித்தாளில் ஊறவைத்துக் கட்டிப் போட்டால் போதும்.

5. அந்தந்த நாள் காலையில், பெரும்பாலான இடங்களில் எட்டு மணிக்குள், வையுங்கள். முந்தைய இரவே வைத்தால் காக்கை கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும். வலை இருந்தால் அதற்கு அடியில் தள்ளி மூடிவிடுங்கள். தப்பான பையை எடுக்காமல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் முதல் மாதம் அப்படி ஆனது. பக்கத்து வீட்டுப் பாட்டி கோபிக்காமல், பையை என்னோடு உட்கார்ந்து பிரித்துக் காட்டினார், அந்த அரை மணி நேரத்தில் கற்றதுதான் இன்றுவரை கைகொடுக்கிறது. அதனால் தெரியாவிட்டால் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

6. கட்டில், மேசை, சைக்கிள் போன்றவை 'சொதாய் கோமி', அதாவது பெரிய குப்பை. போனிலோ இணையத்திலோ முன்பதிவு செய்து, கொம்பினியில் (தெருவோர சிறு சூப்பர்மார்க்கெட் போன்ற கடை) கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வெளியே வைக்க வேண்டும். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி இதில் சேராது. 2001 முதல் நடைமுறையில் உள்ள மறுசுழற்சிச் சட்டப்படி தனிக் கட்டணம் கட்டி, கடை மூலம் ஒப்படைக்க வேண்டும். வீடு மாறுகிறீர்கள் என்றால் ஒரு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள், மார்ச் கடைசியில் எல்லோரும் வீடு மாறுவதால் தேதி கிடைப்பது கஷ்டம்.