டெல்டாவிலிருந்து முதல் திரைப்பட விழாவுக்குப் புறப்படுகிறவர்களுக்கு: படிப்படியான செய்முறை விளக்கம்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து உலக சினிமா பார்க்க வெளியூர் போக விரும்பும் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாஸ் வாங்குவதோடு ஆயத்தம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். விழாவில் எவ்வளவு பெற்றுக்கொண்டு திரும்புவீர்கள் என்பது பெரும்பாலும் புறப்படுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து போடும் அட்டவணையைப் பொறுத்தது. எனவே இந்த விளக்கத்தில் அந்த வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்த விழா என்று முடிவு செய்யுங்கள்

நமக்கு எட்டும் தூரத்தில் மூன்று பெரிய விழாக்கள் இருக்கின்றன. இந்திய சர்வதேசத் திரைப்பட விழா 1952-இல் மும்பையில் தொடங்கி, 2004 முதல் கோவாவில் நவம்பர் மாதத்தில் நடக்கிறது. கேரள சர்வதேசத் திரைப்பட விழா 1996-இல் தொடங்கியது. இப்போது டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவருகிறது. அதுவும் டிசம்பரில்தான் வழக்கமாக நடக்கும். முதல் முறை போகிறவர்கள் சென்னையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இரவு ரயிலேறினால் காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம், தங்குவதற்குப் பெரும்பாலும் உறவினர் வீடு இருக்கும், எல்லா நாள்களும் முடியாவிட்டாலும் மூன்று நாள் மட்டும் போய்வரலாம். அடுத்த ஆண்டு திருவனந்தபுரத்துக்குப் போங்கள்; திரையரங்க வாசலில் நிற்கும் கூட்டத்தின் சினிமா ஆர்வத்தை நேரில் பார்ப்பதற்காகவே அங்கே போக வேண்டும்.

2. பதிவும் பயணமும்

இந்த விழாக்களில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கும் முறை இல்லை. முன்கூட்டியே டெலிகேட்டாக, அதாவது விழாப் பிரதிநிதியாகப் பதிவுசெய்து, கட்டணம் செலுத்தி, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையைப் பெற வேண்டும். வெளிநாட்டுப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல், சிறப்பு விலக்கு பெற்றுத் திரையிடப்படுவதால், பார்வையாளர்கள் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும் என்பது இதற்கொரு காரணம். பதினெட்டு வயது நிரம்பியவர்களை மட்டும் அனுமதிப்பதற்கும் அதுவே காரணம். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால் கல்லூரி அடையாள அட்டையை எடுத்துவையுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்னரே திறக்கிறது. விழாத் தேதி அறிவிக்கப்பட்ட உடனே, சென்னை போகிறவர்கள் உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ இடம் பிடித்துவிடுங்கள். திருவனந்தபுரம் போகிறவர்கள் திருச்சிக்குச் சென்று இன்டர்சிட்டியிலோ அனந்தபுரியிலோ ஏறலாம். ஆனால் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கூட்டம் கேரளம் போகும் வண்டிகளில் நிறைந்திருக்கும் என்பதால் தாமதித்தால் இடம் கிடைப்பது கடினம். நமக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட. புயல் சின்னம் உருவானால் ரயில்கள் தாமதமாகலாம், ரத்தாகவும் ஆகலாம்; எனவே முக்கியமான படத்தை முதல் நாள் காலைக் காட்சியில் வைத்துக்கொள்ளாமல், ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.

3. அட்டவணை போடுதல்

இதற்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். விழாவின் இணையதளத்தில் திரையிடல் அட்டவணை வந்தவுடன், கோடு போட்ட நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டு, பக்கத்தை நெடுக்காக ஐந்தாகப் பிரியுங்கள்: தொடங்கும் நேரம், திரையரங்கு, படத்தின் பெயரும் நாடும், ஓடும் நிமிடங்கள், உண்மையில் வெளியே வரும் நேரம். கடைசிக் கட்டம்தான் மிக முக்கியமானது. காலை 11.45-க்குத் தொடங்கும் 118 நிமிடப் படம் கணக்கின்படி 1.43-க்கு முடியும். அதற்கு முன் ஐந்து நிமிட அறிமுகமும், முடிந்தபின் இயக்குநருடன் இருபது நிமிட உரையாடலும் இருந்தால், நீங்கள் வெளியே வரும்போது மணி 2.08 ஆகியிருக்கும். அடுத்த படம் 2.15-க்கு வேறொரு திரையரங்கில் என்றால், உரையாடலையோ அடுத்த படத்தின் தொடக்கத்தையோ ஒன்றை இழக்கத்தான் வேண்டும். எதை இழப்பது என்பதை வரிசையில் நிற்கும்போது பதற்றத்தில் முடிவு செய்யாமல், வீட்டிலேயே முடிவு செய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது? பொங்கலுக்கு நம் ஊர்த் தியேட்டருக்கே வரப்போகும் படத்தையும், ஓடிடியில் விரைவில் கிடைக்கக்கூடிய படத்தையும் முதலில் அடித்துவிடுங்கள், அவை எவ்வளவு பேசப்பட்டாலும் சரி. அடுத்ததாக, இயக்குநரோ நடிகரோ நேரில் வரும் காட்சிகளைக் குறியுங்கள். மீள்பார்வைப் பிரிவில் பழைய மேதைகளின் படங்கள் சீரமைக்கப்பட்ட பிரதியாகப் பெரிய திரையில் வந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். கைபேசியில் பத்து முறை பார்த்திருந்தாலும் அது வேறு அனுபவம். மிச்சமிருக்கும் இடத்தில், இதுவரை ஒரு படம்கூடப் பார்த்திராத ஒரு நாட்டின் படத்தைப் போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மாற்றாக இன்னொரு படத்தைப் பென்சிலால் எழுதுங்கள், ஏனெனில் அரங்கு நிறைந்துவிட்டால் கதவு திறக்காது.

ஒரு நாளைக்கு மூன்று படங்கள் போதும். நான்குக்கு மேல் வேண்டாம். மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தை விடிய விடியப் பார்த்துப் பழகியவர்கள் ஐந்து படம் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். அங்கே நாம் அறிந்த ஒரே கதையோடு இரவு முழுவதும் ஒன்றிப்போகிறோம். இங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாடு, மொழி, துயரம் எல்லாமே மாறுகின்றன. ஐந்தாவது படத்தில் கண் திறந்திருந்தாலும் மனத்தில் ஒன்றும் நிற்பதில்லை. மேலும், தினமும் ஒரு காட்சி நேரத்தைக் காலியாக விட்டுவையுங்கள். அதற்கான காரணத்தை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

4. சப்டைட்டிலுக்குப் பழகுங்கள்

தமிழ்வழியில் படித்த பலர் விழாவுக்குத் தயங்குவது இந்த ஒன்றால்தான். படம் பாரசீக மொழியிலோ கொரிய மொழியிலோ இருக்கும், கீழே ஆங்கில வரிகள் ஓடும், அவற்றைப் படித்து முடிப்பதற்குள் முகம் மாறிவிடும். இது பயிற்சியால் தீரக்கூடிய பயம். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்துக்கு இரண்டு வெளிமொழிப் படங்களை வீட்டில் பாருங்கள். தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) போன்ற அமைப்புகள் மாவட்ட நகரங்களில் நடத்தும் திரையிடல்களுக்கும் போங்கள். ஒவ்வொரு சொல்லையும் படிக்க முயலாதீர்கள். வரியை ஒரே பார்வையில் அள்ளிக்கொண்டு முகத்துக்குத் திரும்புங்கள். தெரியாத சொல் வந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த காட்சி அதை விளக்கிவிடும்.

அரங்கில் உட்காரும் இடமும் இதில் முக்கியம். முன்வரிசையில் உட்கார்ந்தால் வரிக்கும் முகத்துக்கும் இடையே கழுத்தை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தரை அதிகம் சரிவில்லாத பழைய அரங்குகளில் முன்னால் இருப்பவரின் தலை வரியின் பாதியை மறைத்துவிடும். நடுவுக்குச் சற்றுப் பின்னால், நடைபாதையை ஒட்டிய இருக்கையே ஏற்றது.

5. வரிசையில் நிற்கும்போது

திருவனந்தபுரத்தில் முந்தைய நாளே இணையத்தில் இருக்கை முன்பதிவு செய்யும் முறை உண்டு. பதிவு செய்யாதவர்கள் வரிசையில் நின்று காலி இடத்துக்குக் காத்திருக்கலாம். எந்த ஊராக இருந்தாலும் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள், கைபேசியை உள்ளே வையுங்கள், பக்கத்தில் நிற்பவரிடம் நேற்று அவர் பார்த்ததில் எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். பல படங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திரையிடப்படுவதால், இரண்டு மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அதன் மறுகாட்சியை நீங்கள் காலியாக விட்ட இடத்தில் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பத்திரிகை விமரிசனத்தையும்விட இந்த வாய்வழிச் செய்தி நம்பத்தக்கது என்று உறுதியாகச் சொல்வேன்.

வெளி உணவை அரங்குக்குள் விடமாட்டார்கள்; கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை உள்ளே நுழையும் முன் சாப்பிட்டுவிடுங்கள். நாள் முழுவதும் ஏசியில் உட்கார்வதால் ஒரு துண்டோ சால்வையோ அவசியம்.

6. கேள்வி கேட்பது

இயக்குநருடனான உரையாடலில் ஒரே ஒரு கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள். படத்தில் நீங்கள் கண்ட ஒரு குறிப்பிட்ட காட்சியிலிருந்து அது எழட்டும்: அந்தச் சமையலறைக் காட்சியில் கேமரா ஏன் வாசலிலேயே நின்றுவிட்டது என்று கேட்டால், இயக்குநர் உங்களை நோக்கித் திரும்பிப் பதில் சொல்வார். தமிழ்ப்பட இயக்குநர் என்றால் தமிழிலேயே கேளுங்கள். மற்றவர்களிடம் எளிய ஆங்கிலம் போதும். வேண்டுமானால் ஒருங்கிணைப்பாளரிடம் தமிழில் சொல்லி மொழிபெயர்க்கக் கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் ஓபன் ஃபோரம் என்ற பெயரில் நடக்கும் பொது விவாதங்களில் ஒன்றையாவது உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

7. குறிப்பு எழுதுதல்

படம் ஓடும்போது எழுதாதீர்கள். வெளியே வந்து டீ குடிக்கும் பத்து நிமிடத்தில், கதைச்சுருக்கத்தை விட்டுவிட்டு, மனத்தில் தங்கிய ஒரு காட்சியையும் ஓர் ஒலியையும் மட்டும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் இயக்குநரின் பெயர், நாடு, ஆண்டு மூன்றையும் குறித்துவைத்தால், அவருடைய மற்றப் படங்களைப் பின்னர் தேடுவது எளிது. பார்க்க முடியாமல் போன படங்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தனிப் பட்டியல் எழுதி, ஊர் திரும்பியபின் மாதம் ஒருமுறை அதை எடுத்துப் பார்த்து, எது எங்கே வெளியாகியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.