அச்சம் அடங்கும் முன் பயண விளம்பரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003-இல் பிரிட்டன் இதழ்களில் ஹாங்காங் சுற்றுலா விளம்பரம் ஒன்று வந்தது. ஊரின் அழகைப் பார்த்தால் மூச்சே நின்றுவிடும் என்று பொருள்படும் வாசகம். அதே வாரங்களில் ஹாங்காங் மருத்துவமனைகளில் சார்ஸ் நோயாளிகள் மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தார்கள். நோய் பரவும் முன்பே அச்சுக்குப் போய்விட்ட பக்கம் அது, திரும்பப் பெற வழியில்லை. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் 299 பேரைப் பறிகொடுத்த ஊரின் பெயரோடு அந்த வாசகம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏற்கெனவே கிளம்பிவிட்ட விளம்பரத்தை மறந்துவிடுவதுதான் முதல் தவறு. அன்று அச்சு, இன்று ஷெட்யூல் செய்த போஸ்ட். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. நான் அப்போது ஒரு டிராவல்ஸுக்கு விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது, வெள்ளிக்கிழமையே போட்டுவைத்த எங்கள் போஸ்ட் தானாகப் போய் விழுந்தது. நீர்கொழும்புக் கடற்கரைப் படம், மேலே “ஞாயிறுன்னா இப்படி இருக்கணும்!” என்ற என் வரி. நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் அந்த நேரம் உடல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: “எங்க சித்தி அந்தச் சர்ச்சுக்குத்தான் போவாங்க. இன்னும் போன் எடுக்கல.” அந்த போஸ்டை நீக்கப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே நாற்பது நிமிடம் ஆயிற்று. அன்றிலிருந்து நான் யாருக்கு வேலை செய்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: லீவு நாளில் எல்லா விளம்பரத்தையும் ஒரே ஆளால் நிறுத்த முடியுமா? செய்திப் பக்கங்களில் தானாக வந்து உட்காரும் பேனர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். குண்டுவெடிப்புச் செய்திக்குப் பக்கத்திலேயே அதே ஊரின் ஹோட்டல் தள்ளுபடி மின்னுவதை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது, நாள் கணக்குப் பார்ப்பது. “எத்தனை நாள் கழிச்சு ஆரம்பிக்கலாம்?” என்று எல்லா முதலாளிகளும் கேட்பார்கள். கேள்வியே தப்பு. விளம்பரத்தைப் பார்க்கிறவரால் உண்மையிலேயே கிளம்ப முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு, அத்தியாவசியம் இல்லாமல் இலங்கைக்குப் போக வேண்டாம் என்று பிரிட்டன் அரசு சொன்னது. ஜூன் 6-இல்தான் அதைத் தளர்த்தியது. அப்படி ஓர் எச்சரிக்கை இருக்கும்வரை வழக்கமான பயண இன்சூரன்ஸ் அங்கே செல்லாது, பெரிய டூர் நிறுவனங்களும் ஆளை அனுப்பாது. மே மாதம் லண்டன் குடும்பத்துக்குக் காட்டும் விளம்பரத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். 2003-இல் ஹாங்காங்குக்கும் இதே நிலைதான். உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 2-இல் விடுத்த பயண எச்சரிக்கையை மே 23-இல்தான் விலக்கிக்கொண்டது.

இலங்கை அரசு இதில் நிதானமாக நடந்ததாகவே நினைக்கிறேன். மே 1-இல் தொடங்கவிருந்த கட்டணமில்லா விசாவைத் தள்ளிவைத்து, ஆகஸ்ட் 1-இல் 48 நாடுகளுக்குத் திறந்தது. 2018 மே மாதம் 1,29,466 பயணிகள் வந்த நாட்டுக்கு 2019 மே மாதம் வந்தவர்கள் 37,802 பேர். அதே ஆண்டு டிசம்பரில் 2,41,663 பேர் வந்தார்கள். இந்த மீட்சிக்கு விளம்பரம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஜூன் 9-இல் இந்தியப் பிரதமர் மோடி, குண்டு வெடித்த தேவாலயங்களில் ஒன்றான கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் தேவாலயத்துக்கே போய் நின்ற காட்சி, நம் ஊர்க் குடும்பங்களிடம் எந்த பேனரையும்விட நன்றாகப் பேசியிருக்கும்.

தள்ளுபடியை அவசரமாக அறிவிப்பதும் பெரிய தவறு. பயந்துபோய் டிக்கெட்டை கேன்சல் செய்தவருக்கு விலை ஒரு பிரச்சினையே இல்லை. பாதி விலை என்றதும் “அங்கே இன்னும் ஏதோ சரியில்லை போல” என்றுதான் அவருக்குத் தோன்றும். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை, தேதியை மாற்றலாம், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி. அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வாசகத்தைப் புதுக் கண்ணோடு படிக்காமல் விடுவதற்கு மலேசியா ஏர்லைன்ஸ் உதாரணம். 2014 மார்ச்சில் எம்எச்370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. ஜூலையில் எம்எச்17 உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் அந்நிறுவனம் ஒரு போட்டி வைத்தது: சாவதற்கு முன் போக விரும்பும் இடங்கள், செய்ய விரும்பும் காரியங்களின் பட்டியலை எழுதி அனுப்பினால் பரிசு! கண்டனம் எழுந்ததும் தலைப்பை எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, எங்கேயோ போகணும், எங்கே என்று தெரியவில்லையா என்ற பொருளில் ஒரு ட்வீட் போட்டு, அதையும் நீக்க வேண்டியதாயிற்று. மறைந்த விமானம் எங்கே என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் அந்த வரி படும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசகத்தை வெளியிடும் முன், இழப்புக்கு ஆளான வீட்டில் ஒருவர் அதைப் படிப்பதாக நினைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்வதால் வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று அர்த்தமில்லை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேயில் அலைச்சறுக்கு சீசன் மே வாக்கில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரோடு முடிந்துவிடும். ஈஸ்டர் தாக்குதல் அந்த சீசனின் வாசலிலேயே விழுந்தது. பலகை வாடகைக்கு விடும் பையன், ஆட்டோக்காரர், இரண்டு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்தும் அம்மா ஆகியோரின் வருமானம் அந்த ஐந்து மாதத்தில்தான். எச்சரிக்கை தளர்ந்த பிறகும் “இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்று விளம்பரக்காரர் ஒதுங்கி நின்றால், அடுத்த அலைக்கு அவர்கள் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.